அதுக்கு நானாச்சு

வேலை செய்கிறவர்கள் ஒரு ரகம், செய்யாதவர்கள் இன்னொரு ரகம். மனிதகுலம் இந்த இரண்டோடு முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தீர்களானால், நீங்கள் எந்த ஊர்க் கூட்டத்துக்கும் போனதில்லை என்று அர்த்தம். மூன்றாவதாக ஒரு ரகம் உண்டு. அவர்கள் வேலையை ஏற்றுக்கொள்கிறவர்கள். ஏற்றுக்கொள்வதும் செய்வதும் ஒன்றுதானே என்று கேட்கிறீர்களா? அப்படியானால் உங்களுக்காக யாரும் இதுவரை எதையும் ஏற்றுக்கொண்டதில்லை. கொடுத்துவைத்தவர் நீங்கள்.

இந்த ரகம் நகரத்திலும் முளைக்கும். ஆனால் செழித்து வளர்வது வயலும் வாய்க்காலும் சூழ்ந்த சின்ன ஊர்களில்தான். அங்கே எந்த வேலை நடக்கவேண்டுமானாலும் யாரையாவது பார்த்து ஒரு வார்த்தை சொல்லவேண்டியிருக்கும். தினமும் முகத்தில் விழிக்கிறவர்களிடம் அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்கு எல்லோருக்கும் கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சத்தில்தான் நம் ஆள் வேர் பிடிக்கிறார்.

நாம் பார்க்கப்போகிறவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கவேண்டும். ஊரில் யாருக்கும் அது ஞாபகமில்லை. நானாச்சு அண்ணன் என்றால்தான் தெரியும். கடைவீதி முனையில் விதையும் உரமும் விற்கிற கடை அவருடையது. அவருடையது என்றால், பலகையில் அவர் படம் இருக்கிறது. கல்லாவில் உட்காருவது, லாரி வந்தால் மூட்டையைச் சரிபார்த்து இறக்குவது, விதை முளைக்கவில்லை என்று சண்டைக்கு வருகிறவரைச் சமாளித்து இன்னும் இரண்டு பொட்டலம் வாங்கவைத்து அனுப்புவது எல்லாம் அவர் மனைவி. அண்ணனுக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்? ஊரே அவர் தலையில் அல்லவா உட்கார்ந்திருக்கிறது.

அவர் ஒரு வேலையை ஏற்றுக்கொள்ளும் அழகை நீங்கள் நேரில் பார்க்கவேண்டும். விவசாயிகள் சங்கக் கட்டடத்தில் மாதக் கூட்டம். மடக்கு நாற்காலிகள், ஒரே வேகத்தில் மட்டும் சுற்றத் தெரிந்த மின்விசிறி, சுவரோரமாக யாரோ எப்போதோ வைத்துவிட்டுப்போன காலி டப்பாக்கள். எதைப் படித்தாலும் இரங்கல் செய்தி படிக்கிற குரலில் படிக்கும் செயலாளர், "நெல் காயப்போடற களத்துல தரை வெடிச்சுக் கெடக்கு. இதை யார் பாக்கிறது?" என்று கேட்கிறார். அவ்வளவுதான். அதுவரை உரத் தட்டுப்பாட்டில் தொடங்கி உலக அரசியல் வரைக்கும் முழங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் சட்டென்று தங்கள் கால் கட்டைவிரலைக் கவனிக்கத் தொடங்குகிறார்கள். ஒருவருக்கு இருமல் வருகிறது, ஒருவருக்குச் செருப்பு வார் அறுந்துபோகிறது, இன்னொருவர் அடிக்காத போனை எடுத்துக் காதில் வைத்தபடி வெளியே போகிறார். அந்த மௌனம் நன்றாகப் பழுக்கட்டும் என்று அண்ணன் காத்திருப்பார். அவசரப்படமாட்டார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, உள்ளங்கையை மார்பில் வைத்து, ஏதோ எறும்பை ஊதித் தள்ளுகிற மாதிரி சொல்வார்.

"விடுங்க. அதுக்கு நானாச்சு."

கூடம் முழுக்க ஒரே நேரத்தில் மூச்சு விடுகிற சத்தம் கேட்கும். செருப்பு வார் ஒட்டிக்கொள்ளும். இருமல் நிற்கும். போனை எடுத்துக்கொண்டு போனவர் திரும்பி வந்து, "என்ன முடிவாச்சு?" என்று கேட்டு, "அண்ணன் பாத்துக்கறாரு" என்ற பதிலைக் கேட்டதும், முன்னைவிடத் தெம்பாக உலக அரசியலைத் தொடர்வார்.

களம் என்ன ஆயிற்று என்கிறீர்களா? வெடிப்பில் மண் சேர்ந்து, மண்ணில் தக்காளி முளைத்து, காய்த்துப் பழுத்து, பக்கத்து வீட்டம்மா பறித்துச் சமைத்தும் ஆயிற்று. கேட்டால் அண்ணன் சளைக்கமாட்டார். முதலில் "சொல்லியிருக்கேன்" என்பார். அடுத்த முறை, "அதைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்." அதற்கடுத்த முறை, "இதெல்லாம் அவசரப்பட்டா காரியம் கெட்டுடும்." கடைசியில், "நான் அன்னிக்கே சொன்னேன், யாரு கேட்டீங்க?" என்று நம்மையே ஒரு போடு போடுவார். நாமும் குற்றவாளிபோலத் தலையைக் குனிந்துகொள்வோம்.

உடனே அவரைப் புளுகர் என்றோ சோம்பேறி என்றோ முடிவு கட்டிவிடாதீர்கள். அது அநியாயம். அந்த வார்த்தையைச் சொல்லும்போது அண்ணனுக்கு நெஞ்சுக்குள் குளுகுளுவென்று இருக்கும். அத்தனை பேர் முகத்திலும் கவலை இறங்குவதைப் பார்க்கப் பார்க்க அந்த வேலையே முடிந்துவிட்டது போலவும், தான் கைகால் கழுவிக்கொண்டு வந்து நிற்பது போலவும் தோன்றும். முடிந்த வேலையை யாராவது மறுபடி செய்வார்களா? மேலும், அவர் சும்மா இருக்கிற ஆளும் இல்லை. யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் ஆஸ்பத்திரி வாசலில் முதல் ஆளாக நிற்பார். காலையில் வண்டியை எடுத்தால் எதையெதை ஏற்றுக்கொண்டிருக்கிறோம் என்பதை நாலு இடத்தில் சொல்லி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். சாப்பிடக்கூட நேரமில்லாத மனிதர் அவர்.

இந்த ஊரில் அவருடைய வார்த்தைக்குச் சரியான பொருள் தெரிந்தவர் ஒரே ஒருவர். அவர் மனைவி. சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று அந்த அம்மாள் சொல்லி, அவர் "விடு, அதுக்கு நானாச்சு" என்றதும், அடுப்பை அணைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, குழாய் ரிப்பேர்காரர் வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள். அவர் அந்த வார்த்தையைச் சொல்லாத வேலைகளைத்தான் அவள் நாளைக்கு என்று தள்ளிப்போடுவாள். குடித்தனம் இத்தனை காலம் தண்ணீர் சொட்டாமல் நடந்துவருவது இப்படித்தான். ஆனால் இந்த ஞானத்தை அவள் ஊருக்குச் சொன்னதில்லை. கட்டினவரைப் பற்றி வெளியே என்னவென்று சொல்வாள்?

ஊரோ வேறு மாதிரி. அங்கே எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. ஒருவர் ஒரு வேலையை ஏற்றுக்கொண்டால், அதில் இன்னொருவர் கை வைக்கக்கூடாது. "என்ன ஆச்சுண்ணே?" என்று விசாரிக்கலாம். அதற்கு மேல் போய்த் தானே செய்துவிட்டால், 'உன்னை நம்பவில்லை' என்று நடுத்தெருவில் நின்று சொன்னதாக ஆகிவிடும். பேச்சுவார்த்தை நின்றுபோகும். வரப்போரம் எதிரெதிரே வந்தால் ஒருவர் வயலுக்குள் இறங்கித் திரும்பிக்கொள்வார். ஆகையால், செத்தாலும் அடுத்தவர் ஏற்ற வேலையைத் தொடமாட்டார்கள். அவ்வளவு நாகரிகமான ஊர்.

இந்த நாகரிகத்தில் வந்து சிக்கிக்கொண்டவள்தான் தையல்காரி.

கடைவீதியில் ஒற்றை அறையில் தையல் மெஷின் போட்டு நடத்துகிறவள். அவள் புருஷன் டிராக்டர் பெட்டியிலிருந்து சறுக்கி விழுந்து, கால் எலும்பு முறிந்து, இடுப்புவரை மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தான். அவர்களுக்கென்று இருப்பது ஒரே ஒரு வயல். வருஷத்துச் சோறும் அடுத்த பருவத்துக்கு விதையும் அதிலிருந்துதான் வரவேண்டும். தையலில் வருவது மருந்துக்கும் மற்றதுக்கும் இழுத்துக்கோ பறித்துக்கோ என்றுதான் இருந்தது. நெல் நன்றாகவே விளைந்திருந்தது. கதிர் தலைசாய்ந்து, அறுக்கலாம் என்று நின்றது. மழையும் அதே நேரத்தில் வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றது.

ஒரு சங்கடம். அவள் வயல் உள்வயல். சாலையிலிருந்து நேராக அதற்குப் பாதை கிடையாது. அறுவடை மெஷின் அங்கே போகவேண்டுமானால், முன்னாலிருக்கும் வயலைக் கடந்துதான் போகவேண்டும். முன்வயலில் முன்கூட்டியே அறுத்து முடித்து, தாள் மட்டும் காய்ந்து நிற்கும்போது கடப்பது சுலபம். ஆனால் அடுத்த நடவுக்கு உழுவதற்காக அதில் தண்ணீர் கட்டிவிட்டால் தீர்ந்தது. ஊரில் இருந்த ஒரே மெஷின் டயர் வண்டி. சேற்றில் இறங்கினால் இறங்கின இடத்திலேயே குடித்தனம் நடத்தவேண்டியதுதான்.

முன்வயல்காரர் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர், நல்ல மனுஷர். ஒவ்வொரு பருவமும் தையல்காரியின் புருஷன் அவரிடம் போய், "இன்னும் கொஞ்ச நாள் தண்ணி விடாம இருங்க" என்று ஒரு வார்த்தை சொல்வான். அவரும் வாய்க்காலில் தன் முறை வந்தாலும் விட்டுக்கொடுத்து அடுத்த முறைக்குக் காத்திருப்பார். இந்தப் பருவம் சொல்லவேண்டியவன் மாவுக்கட்டில் கிடந்தான். மொத்தத்தில் ஆகவேண்டியது இரண்டு பேரிடம் இரண்டு வார்த்தை. மெஷின்காரரிடம் நாள் சொல்லவேண்டும். பஸ் டிரைவரிடம் தண்ணீரை நிறுத்திவைக்கச் சொல்லவேண்டும்.

அண்ணன் தன் கால்சட்டையின் இடுப்பைத் தளர்த்திக்கொள்ள அன்று தையல் கடைக்கு வந்திருந்தார். டேப்பைக் கழுத்தில் போட்டபடி அவள் யாரிடமோ கவலைப்பட்டுக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"என்னம்மா, என்ன பிரச்சினை?" என்றார், ஸ்டூலை இழுத்துப்போட்டு.

"ஒண்ணுமில்லண்ணே. மெஷின்காரரையும் பஸ் டிரைவரையும் பாக்கணும். இவரு இப்படிக் கெடக்கறாரு. சாயங்காலம் கடையைச் சாத்திட்டு நானே ஒரு எட்டு போய்ட்டு வந்துடலாம்னு..."

"நீ எதுக்கும்மா அலையணும்? வீட்டுல நோயாளி, இங்க தைக்கக் கெடக்கு மலை மாதிரி." கண்ணாடி கழன்றது. சட்டை நுனி வந்தது. "ரெண்டு பேரும் நம்ம ஆளுங்கதானே. அதுக்கு நானாச்சு. நீ நிம்மதியா தையி."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு பெரிய மனசு என்று வீட்டில் போய்ப் புருஷனிடம் சொன்னாள். இடுப்பைத் தளர்த்தினதற்குக் கூலிகூட வாங்கவில்லை.

இனி நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். அண்ணன் மெஷின்காரரிடம் சொல்லிவிட்டார். உண்மையாகவே சொல்லிவிட்டார். மெஷின் என்றால் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு கிறக்கம். நாள் குறித்ததோடு, "நானும் கூட வர்றேன், முன்னாடி ஏறி வழி காட்டறேன்" என்றும் சொல்லிவைத்தார். பாக்கி பஸ் டிரைவர். அவரை டீக்கடையில் பார்த்தார். ஆனால் பக்கத்தில் நாலு பேர் இருந்தார்கள். ஒரு குடும்பத்து விஷயத்தை நாலு பேர் முன்னால் பேசலாமா? பாலத்தில் எதிரே வந்தார். வண்டியை நிறுத்தினால் பின்னால் வருகிற லாரிக்கு இடைஞ்சல். சலூனில் பார்த்தார். பாதி முகத்தில் சோப்போடு இருக்கிறவரிடம் என்ன பேச்சு?

ஆனால் பேச்சை மனதுக்குள் தயார் செய்துகொண்டே இருந்தார். குளிக்கும்போது, வண்டி ஓட்டும்போது, சாப்பிட்டுச் சாய்ந்திருக்கும்போது அந்தப் பேச்சு வளர்ந்தது. 'ஐயா, நீங்க எத்தனையோ பேரைக் கரை சேர்த்தவரு' என்று பஸ்ஸில் தொடங்கும். தையல்காரியின் கஷ்டத்தைத் தொட்டு வரும். 'நமக்குள்ள என்னங்க' என்று முடியும். 'அட, இதுக்குப் போய் நீங்க சொல்லணுமா, நான் தண்ணி விடமாட்டேன்' என்று பஸ் டிரைவர் பதில் சொல்வார். வெள்ளைச் சட்டை போட்டிருப்பார். சிரித்துக்கொண்டே அண்ணனின் தோளைத் தட்டுவார். இத்தனை முறை, இத்தனை நயமாக நடந்த ஒரு உரையாடல் நடக்கவே இல்லை என்று யாரால் சொல்லமுடியும்? ஒரு நாள் மத்தியானம் அண்ணனுக்கு அது நடந்துவிட்டதாகவே ஞாபகமாகிவிட்டது.

"தையல்காரப் பொண்ணு வயல் விஷயம் என்னாச்சு?" என்று கேட்டாள் மனைவி, பில் போட்டுக்கொண்டே.

"எல்லாம் சொல்லியாச்சு."

"யார்கிட்ட?"

"சொல்லவேண்டியவங்ககிட்ட."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் முகத்தில் பொய் இல்லை. பொய் இருந்திருந்தால் அந்த அம்மாள் கண்டுபிடித்திருப்பாள். அந்த நேரம் பார்த்து உர லாரியும் வந்துவிட்டது.

பஸ் டிரைவருக்கும் மனதுக்குள் உறுத்திக்கொண்டுதான் இருந்தது. வாய்க்காலில் அவர் முறை வந்துவிட்டது. விட்டால் அடுத்த முறை எப்போதோ. டீக்கடையில் கேட்டார்.

"உள்வயலுக்கு மெஷின் போகணுமே. நான் தண்ணி கட்டலாமா? அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடட்டுமா?"

"அதை நானாச்சு அண்ணன் ஏத்துக்கிட்டாரே," என்றார் டீக்கடைக்காரர். "நிறுத்தணும்னா உங்ககிட்ட சொல்லியிருக்கமாட்டாரா? ஒருவேளை வேற ஏற்பாடு பண்ணியிருப்பாரு. நீங்க போய்க் கேட்டீங்கன்னா, அவரைத் தாண்டிப் போன மாதிரி ஆயிடும்."

"அதுவும் சரிதான்" என்று பஸ் டிரைவர் மடையைத் திறந்துவிட்டார்.

தையல்காரிக்கும் அதே கதை. பஸ் டிரைவர் வீடு அவள் கடைக்கு அடுத்த சந்து. வாசலில் நின்று கூப்பிட்டால் கேட்கும். ஒருநாள் கிளம்பியும் விட்டாள். பாதி வழியில், 'அண்ணனுக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பாரு, அவர் பேச்சை நம்பலேன்னு ஆகுமே' என்று தோன்றியது. திரும்பிவந்து, கிழிந்துபோன சாக்குகளை எடுத்து, நெல் பிடிப்பதற்காகத் தையல் மெஷினில் ஒட்டுப்போடத் தொடங்கினாள். இப்படியாக மூன்று பேரும் ஒருவர் மரியாதையை ஒருவர் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். நெல் மட்டும் வெயிலில் நின்றுகொண்டிருந்தது.

குறித்த நாள் காலையில் மெஷின் வந்தது. ஓட்டுகிறவர் பக்கத்துப் படியில், ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி, மறு கையைத் தெருவுக்குக் காட்டியபடி அண்ணன் நின்றுகொண்டு வந்தார். வழியில் போனவர்கள் எல்லாம் வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே வந்தார்கள். மேகம் ஒரு பக்கமாகக் கருக்கத் தொடங்கியிருந்தது. ஆனாலும் என்ன, மதியத்துக்குள் முடிந்துவிடும் வேலைதானே. தையல்காரி கழுத்து டேப்பைக் கழற்ற மறந்து, சாக்குக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னாலேயே வந்து வரப்பின் மேல் நின்றிருந்தாள். அவள் முகத்தை அண்ணன் தூரத்திலிருந்தே பார்த்தார். அதில் மகிழ்ச்சி இல்லை. சாலை திரும்பியதும் காரணம் தெரிந்தது.

முன்வயல் முழுக்கத் தண்ணீர் நின்றது. கொக்கு ஒன்று நடுவில் நின்று மீன் தேடியது.

மெஷின்காரர் இன்ஜினை அணைத்தார். "எங்கண்ணே எறங்கறது?"

மண்வெட்டியோடு பஸ் டிரைவர் வரப்போரமாக வந்து சேர்ந்தார். கூட்டத்தையும் மெஷினையும் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. முகம் வெளுத்துப்போயிற்று. "என்னண்ணே இது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேனே," என்றார் அண்ணன். மனதாரத்தான் சொன்னார்.

"எப்ப?"

அண்ணன் தேடிப் பார்த்தார். வெள்ளைச் சட்டை ஞாபகம் வந்தது. சிரிப்பு, தோளைத் தட்டினது, 'இதுக்குப் போய் நீங்க சொல்லணுமா' என்றது எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன. எந்த இடத்தில் என்றுதான் ஞாபகம் வரவில்லை. எதிரே மண்வெட்டியோடு நிற்கிற பஸ் டிரைவரின் குரல் கரகரவென்று இருந்தது. ஞாபகத்தில் பேசின பஸ் டிரைவரின் குரல் அண்ணனுடைய சொந்தக் குரலாகவே இருந்தது. அது புரிந்தபோது அண்ணன் பிடித்திருந்த கம்பியை விட்டுவிட்டு மெஷின் படியிலிருந்து இறங்கினார். இதுவரை ஏற்றுக்கொண்ட எந்த வேலையும் இப்படித் தண்ணீராக எதிரே வந்து நின்றதில்லை.

"மடையை வெட்டி வடிச்சுடறேன்," என்றார் பஸ் டிரைவர்.

"வடிஞ்சாலும் சேறு இறுக இன்னும் நாளாகும். எனக்கு அடுத்த ஊர்ல வயல் காத்துக்கிட்டிருக்கு, மழைக்கு முன்னாடி அதையாவது முடிக்கணும்," என்றார் மெஷின்காரர். அவர் மேல் தப்பில்லை. வண்டியைத் திருப்பினார். தையல்காரியின் கையில் போன் அடித்தது. கட்டிலில் கிடந்த புருஷன். "மெஷின் வந்துடுச்சா? சத்தமே கேக்கலையே" என்று கேட்டான். அவள் போனை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அழுவாள், திட்டுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அண்ணனும் எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். அவள் வானத்தைப் பார்த்தாள், வயலைப் பார்த்தாள். அந்த மௌனம் அண்ணனால் தாங்கமுடியாததாக இருந்தது. மௌனம் என்றாலே அவர் கை எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியும். கண்ணாடி கழன்றுவிட்டது.

"விடும்மா. ஆள் பிடிச்சுக் கையாலேயே அறுத்துடலாம். அதுக்கு நானாச்..."

இதைச் சொல்லவேண்டும்: அவர் முடிப்பதற்குள், வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டு, வீட்டைப் பார்த்துத் திரும்பியும் விட்டார்கள்.

"வேணாம்ண்ணே," என்றாள் தையல்காரி. குரல் உயரவில்லை. "இதை மட்டும் நீங்க ஏத்துக்காதீங்க. நீங்க ஏத்துக்கிட்டா இங்க நிக்கிறவங்க எல்லாரும் வீட்டுக்குப் போயிடுவாங்க."

திரும்பினவர்கள் அப்படியே நின்றார்கள். முதலில் வயலில் இறங்கினவர் பஸ் டிரைவர். பிறகு ஒவ்வொருவராக இறங்கினார்கள். விஷயம் காதுக்கு எட்டியதும் அண்ணனின் மனைவி கடையைச் சாத்திவிட்டு, விற்பதற்காகத் தொங்கவிட்டிருந்த அரிவாள்களை அப்படியே கொத்தாகக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். வந்தவளுக்கு யாரும் எதையும் விளக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, கடைசி அரிவாளைக் கணவர் கையில் வைத்தாள். "குனிஞ்சு அறுங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ஊர் கூடித் தேர் இழுத்த மாதிரி அன்று எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. கரை சேர்ந்தது பாதிகூட இல்லை. மிச்சம் தண்ணீரில் சாய்ந்து, கதிரிலேயே முளைவிட்டுப் பச்சையாகிப் போனது. ஒட்டுப்போட்டு வைத்த சாக்குகளில் பல காலியாகவே வீடு திரும்பின. சில நாள் கழித்து அண்ணனின் மனைவி ஒரு மூட்டை விதைநெல்லைக் கொண்டுபோய்த் தையல்காரியின் வாசலில் வைத்தாள். "அவரு குடுத்தனுப்பினார்னு நினைச்சுக்காத. நானா கொண்டுவந்தேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

அண்ணன் மெய்யாகவே வருந்தினார். அதில் சந்தேகமில்லை. அரிவாள் பிடித்த கையில் கொப்புளம் எழும்பியிருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பச்சைக் கதிர்கள் கண்ணில் வந்தன. அந்த நாட்களில் அவர் யாருக்கும் எதையும் ஏற்றுக்கொள்ளவில்லை. டீக்கடைப் பக்கமே போகவில்லை. கடையில் உட்கார்ந்து பில்கூடப் போட்டார், தப்புத்தப்பாகத்தான். ஆனால் கொப்புளம் என்பது ஆறக்கூடியது. அது ஆற ஆற, நடந்த கதையும் லேசாக நிறம் மாறியது. "நான் அன்னிக்கு மெஷினைக் கூட்டிக்கிட்டு அத்தனை பேரோட போய் நிக்கலேன்னா, அறுக்கறதுக்கு ஆள் ஏது? அந்தப் பாதியும் போயிருக்கும்" என்று ஒருநாள் சலூனில் சொன்னார். யோசித்துப் பார்த்தால் அதில் பொய்யும் இல்லை. அதுதான் கொடுமை.

அடுத்த மாதக் கூட்டம் வந்தது. செயலாளர் அதே இரங்கல் குரலில், "பாலத்தோரம் வாய்க்கால் கரை அரிச்சுப் போச்சு. அடுத்த மழைக்குள்ள மணல் மூட்டை அடுக்கலேன்னா தண்ணி ஊருக்குள்ள வந்துடும். இதை யார் பாக்கிறது?" என்று கேட்டார்.

கட்டைவிரல்கள் கவனிக்கப்பட்டன. அண்ணனும் தன் கட்டைவிரலைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் முறை. மின்விசிறி சுற்றியது. கொஞ்ச நேரத்தில் ஒருவர் ஓரக்கண்ணால் அண்ணனைப் பார்த்தார். பிறகு இன்னொருவர் பார்த்தார். பஸ் டிரைவர்கூடப் பார்த்தார். "அண்ணே, நீங்க ஏதாச்சும்..." என்று டீக்கடைக்காரர் மெல்ல இழுத்தார். அந்த வயலில் நனைந்துகொண்டே அறுத்தவர்கள்தான் அத்தனை பேரும்.

தையல்காரி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குச் சொல்லவேண்டியது தெரிந்திருந்தது. 'நாளைக்குக் காலையில எல்லாரும் சேர்ந்து போவோம், நானும் வர்றேன்' என்பது நாக்கு நுனியில் நின்றது. ஆனால் நாளைக்கு அவளுக்குப் பள்ளிக்கூடச் சீருடைகள் தைத்துக் கொடுத்தாகவேண்டும். சொன்னால் போகவேண்டும். சொன்னவள் முதல் ஆளாகப் போகவேண்டும். வேறு யாராவது சொல்கிறார்களா பார்க்கலாம் என்று இன்னும் கொஞ்சம் பொறுத்தாள். அண்ணனின் கை மெதுவாகக் கண்ணாடியை நோக்கிப் போவதை அவள் பார்த்தாள். தடுத்திருக்கலாம். உள்ளங்கை மார்புக்கு வந்தபோது கூடம் மூச்சு விட்டது. அவள் நெஞ்சிலிருந்தும் ஒரு மூச்சு வந்தது. மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் சத்தம் குறைவு, அவ்வளவுதான்.

இந்த ரகத்து மனிதர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள் என்று முடித்துக்கொள்ளலாம் என்றுதான் நானும் எழுத உட்கார்ந்தேன். ஆனால் நீங்கள் இவ்வளவு நேரமும் உங்கள் மைத்துனரையும் மாடிவீட்டுக்காரரையும் நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால் ஒன்று கேட்கிறேன். போன வாரம் ஒருவர் உங்களிடம் தயங்கித் தயங்கி ஏதோ கேட்டார். நீங்களும், "அட, இது ஒரு விஷயமா" என்றீர்கள். அவர் முகம் தெளிந்ததைப் பார்த்து உங்களுக்கும் மனசு நிறைந்துவிட்டது. அது என்ன வேலை என்று இப்போது சட்டென்று சொல்லமுடிகிறதா? மெதுவாக ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். அவர் வேறு யாரிடமும் கேட்கவில்லை. உங்களிடமும் மறுபடி வந்து கேட்கமாட்டார். உங்கள் மேல் அவருக்கு அவ்வளவு மரியாதை.